பிஷப்பின் மருமகள்

அவள் எங்கள் வீட்டு மேலறைக்கு வாடகைக்கு வந்தபோது பிஷப் இறந்து நூறு வருடத்துக்கும் மேலாகியிருந்தது. அது எங்களுக்குத் தெரியவரப் பல நாள் ஆனது. வந்த அன்றே, பெட்டியைக்கூடத் திறக்காமல் சமையலறைக் கதிரையில் உட்கார்ந்து, "பிஷப்புக்கு இந்த ஊர்க் காத்து ஒத்துக்கவே இல்லக்கா. வந்ததுலேருந்து ஒரே இருமல்" என்றாள். யாரோ வயது போன மனிதர் என்று நினைத்து, "கொத்தமல்லி அவிச்சுக் குடிக்கச் சொல்லும் பிள்ளை" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "சொன்னாக் கேக்குற ஆளா அவரு?" என்று பெருமூச்சு விட்டாள்.

தமிழ்நாட்டின் தென்கோடியிலிருந்து பலேர்மோப் பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சிக்கு வந்தவள். அவளுடைய பிஷப் ஓர் ஆங்கிலேயர். இளம் வயதில் கப்பலேறி அவளுடைய ஊர்ப்பக்கம் போய், வெயிலில் கிடந்து தமிழ் படித்து, அகராதி செய்து, இலக்கணம் எழுதி, பள்ளிக்கூடங்கள் கட்டி, தலை நரைத்த பிறகு பிஷப் ஆனவர். கடைசிக் காலத்தில் நெஞ்சு நோய் வந்ததும், இங்கிலாந்துக் குளிர் வேண்டாம் என்று வைத்தியர்கள் இந்தக் கடலோர ஊருக்கு அனுப்பியிருக்கிறார்கள். இங்கேயே இறந்து, துறைமுகத்துக்கு அப்பால் வெளிநாட்டுக்காரரைப் புதைக்கும் பழைய மயானத்தில் அடங்கினார். அவர் விட்டுப்போன தாள்கள் இந்த ஊரில் ஒரு நூலகத்தில் இருந்தன. அவற்றைப் படித்து அவருடைய வாழ்க்கையைத் தமிழில் எழுதுவதற்காக அவள் வந்திருந்தாள்.

எழுதுகிறவர்கள் எல்லோரும் இப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. நான் அறிந்தது அவள் ஒருத்தியைத்தான். மாமனார் வீட்டுக்கு வாக்கப்பட்டவள் போல அந்த மனிதரோடு குடித்தனம் நடத்தினாள். காலையில் அவரைத் திட்டிக்கொண்டே படியிறங்குவாள். மாலையில் அவரைத் திட்டிக்கொண்டே படியேறுவாள். "மழையப் பத்திப் பக்கம் பக்கமா எழுதுதாரு. பொண்டாட்டி செத்தத ஒரே வரில முடிச்சிட்டாருக்கா. அந்தம்மா இவருக்காக எத்தனை ஊரு மாறிச்சு." அடுத்த நாள் வேறு குறை. "சமையக்காரருக்குச் சம்பளம் கொடுத்தேன்னு எழுதுதாரு. அந்த மனுஷனுக்குப் பேரு இருக்காதா? ஒரு இடத்துல எழுதக்கூடாதா?" அவள் சோறு தின்பதும் நின்றபடிதான். ரசத்தில் பாண் துண்டைத் தோய்த்துக் கடித்துக்கொண்டு, மறு கையை ஆட்டி ஆட்டிக் கதைப்பாள். தலைமயிரைப் பென்சிலால் குத்திக் கொண்டை போட்டிருப்பாள். அந்தப் பென்சிலைத்தான் வீடு முழுக்கத் தேடுவாள்.

என் மனுசன் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறவர். வாயில் சனி. அவர்தான் அவளுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தார். அவள் படியேறும் சத்தம் கேட்டதும், "என்ன தங்கச்சி, இண்டைக்கு உம்மட மாமனார் என்ன செய்தவர்?" என்று கேட்பார். அவளும் கோபிக்காமல், "பல்வலின்னு படுத்துட்டாரு அண்ணே" என்று சொல்லிவிட்டுப் போவாள். கபோச் சந்தையில் மரக்கறி வாங்க வரும் எங்கள் ஆட்களிடையே அந்தப் பெயர் பரவியது. அவளுடைய சொந்தப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. நானும் அதை இங்கே எழுதப்போவதில்லை. பிஷப்பின் மருமகள் என்றால் போதும்.

அந்தப் பல்வலியைப் பற்றித்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். இங்கே தங்கும் அனுமதியான பெர்மெசோவைப் புதுப்பிக்க அவளைக் குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போன அன்று, விடியற்காலை வரிசையில் நிற்கும்போது அதையேதான் சொன்னாள். கடவாய்ப் பல் ஒன்று அவரை வருடக்கணக்காக வதைத்திருக்கிறது. பிடுங்கப் பயம். ஊர் முழுக்கக் கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றிப் பிரசங்கம் பண்ணிக்கொண்டு, தன் பல்லைத் தொட ஒருவரையும் விடவில்லை. "இவ்வளவு பெரிய மனுஷன், ஒரு பல்லுக்குப் பயந்து ஒளிஞ்சிருக்காரு. எனக்கு அவர இந்த இடத்துலதான் பிடிக்குது" என்றாள். முன்னால் நின்ற ஆப்பிரிக்கப் பொடியன் திரும்பிப் பார்த்தான். அவள் கண் கலங்கியிருந்தது. யாருடைய பல்வலிக்கோ இவள் அழுகிறாளே என்று எனக்கு விசராக இருந்தது. இரக்கமாகவும் இருந்தது.

ஆனால் அவரைக் குறை சொல்லும் உரிமையை அவள் வேறொருவருக்கும் கொடுக்கமாட்டாள். புகழும் உரிமையையும் கொடுக்கமாட்டாள். இதை எங்கள் ஆட்கள் ஒரு மண்டபத்தில் நேரே பார்த்தார்கள். தமிழர் கூடும் விழா ஒன்றில் அவளைப் பேச அழைத்திருந்தார்கள். அவளுக்கு முன்னால் பேசிய ஒருவர், தமிழுக்காகவே பிறந்து தமிழுக்காகவே உயிரைக் கொடுத்த வெள்ளைக்காரர் என்று பிஷப்பை மேலே ஏற்றி வைத்தார். அவள் மேடையேறி, "அவரு நெஞ்சு நோய்ல செத்தாரு. தமிழுக்காகச் சாகல. வேலைக்கு வேணும்னுதான் மொதல்ல தமிழ் படிச்சாரு, அப்புறம் விட முடியாமப் போச்சு" என்றாள். சனம் முகத்தைச் சுளித்தது. பின் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "சரியாச் சொன்னீங்கள் பிள்ளை. சமயம் மாத்த வந்த ஆள்தானே, அவருக்கு எங்கட மொழியில என்ன அக்கறை" என்றார். அவள் அவரை விடவில்லை. ஊரில் வாந்திபேதி வந்து பெற்ற பிள்ளைகளே தகப்பனைத் தொடப் பயந்த நேரத்தில், பிணத்துக்குத் தோள் கொடுத்த மனிதர் அவர் என்றாள். தோள் கொடுக்கும்போது எந்தச் சமயம் என்று கேட்கவில்லை என்றாள். இரண்டு பக்கத்துக்கும் அவள்மேல் கோபம். அடுத்த விழாவுக்கு ஒருவரும் கூப்பிடவில்லை. அவளுக்கு அது உறைக்கவே இல்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பிஷப் அந்த வாந்திபேதி வருடத்தில் மகளின் பிறந்தநாளை மறந்துபோனதைச் சொல்லித் திட்டிக்கொண்டு வந்தாள்.

பொழுது பட்டதும் அவளுக்கு அப்பாவிடமிருந்து அழைப்பு வரும். ஊரில் அவருக்கு அது படுக்கப் போகிற நேரம். தாயில்லாத வீடு, அவர் தனியாக இருந்தார். சபையில் மூப்பராக இருந்து ஓய்ந்தவர். தொலைபேசியைச் சத்தமாக வைத்துக்கொண்டு குடும்ப ஜெபம் பண்ணுவார். இவள் கட்டிலருகே முழங்காலில் நிற்பாள். படிக்கட்டு வழியாக அந்தக் குரல் எங்கள் சமையலறைக்கு இறங்கி வரும். ஒவ்வொருவராகப் பேர் சொல்லி வேண்டிக்கொண்டு வந்து, முடிக்கிற இடத்தில், "எங்க சனத்துக்கு அத்தியட்சரய்யாவத் தந்ததுக்காக ஸ்தோத்திரம்" என்பார். அத்தியட்சர் என்றால் பிஷப். அந்தப் பக்கத்துச் சபைகளில் பழைய வழக்கம். ஜெபம் முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் கதைப்பார்கள். ஒருமுறை அவள் பல்வலிக் கதையைத் தொடங்க, அந்தக் குரல் கண்டித்ததை நானே கேட்டேன். "ஏ பிள்ள, அத்தியட்சரய்யாவோட பல்லப் பத்தி நமக்கு என்ன பேச்சு? நம்ம வீட்டுக்கு மொத எழுத்து அவரு கையால வந்தது." அவளுடைய அப்பாவின் பாட்டி சிறுமியாக இருந்தபோது பிஷப் தொடங்கிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்தவள். பிஷப்பே அவள் விரலைப் பிடித்து மணலில் அகரம் எழுதிக் கொடுத்ததாக வீட்டில் சொல்வார்களாம். முன்னறைச் சுவரில் பிஷப்பின் படம், பக்கத்தில் அவளுடைய அம்மாவின் படம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் அவளும் சாளை மீன் துப்புரவு பண்ணிக்கொண்டிருந்தோம். அவள் கையைக் கழுவிவிட்டு மடிக்கணினியைத் திறந்து, "அக்கா, இதக் கேளுங்க" என்றாள். பிஷப் வாலிபராக இருந்தபோது ஆங்கிலத்தில் எழுதிய ஒரு புத்தகம். அதில் தான் வேலை செய்த ஊர்ச் சனத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தார். அவள் தமிழில் மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனாள். அந்தச் சனத்துக்கு நன்றி என்றால் என்னவென்று தெரியாதாம். வெட்கமும் இல்லையாம். மாட்டைப் போல உழைப்பார்களாம், மாட்டைப் போலவே மறந்தும் விடுவார்களாம். நான் மீனை வைத்துவிட்டு, "ஆரைச் சொல்லுறார் பிள்ளை?" என்று கேட்டேன்.

"எங்க ஆளுங்களத்தான்" என்றாள். "எங்கப்பாவோட பாட்டிக்கு அகரம் எழுதிக் கொடுத்த அதே வருஷம். பகல்ல அந்தக் கைய வச்சு அவ வெரலப் பிடிச்சிருக்காரு. ராத்திரி அதே கையால இத எழுதியிருக்காரு."

நான் வேலைக்குப் போகும் வீட்டுச் சிஞ்ஞோரா தன் சிநேகிதியோடு தொலைபேசியில் கதைக்கும்போது தமிழரைப் பற்றி நல்லதாகத்தான் சொல்வார். அமைதியான சனம், சொன்ன வேலையை முகம் கோணாமல் செய்யும் என்பார். நான் பக்கத்தில் நின்று கண்ணாடி துடைத்துக்கொண்டிருப்பேன். நல்ல வார்த்தைதான், ஆனாலும் அன்று முழுக்க எனக்கு ஒன்றும் இறங்காது. நல்ல வார்த்தைக்கே இப்படியென்றால், இந்தப் பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும்.

புத்தகம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது, சென்னையில் பதிப்பகம் காத்துக்கொண்டிருக்கிறது, இந்தப் பக்கம் ஒன்றுதான் பாக்கி என்றாள். "எழுதுனா எங்கப்பா படிப்பாரு. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, அதனாலதான் இது இத்தனை வருஷம் அவருக்குத் தெரியாமப் போச்சு. நான் தமிழ்ல எழுதுறதே அவர மாதிரி ஆளுங்களுக்காகத்தான். ஏற்கனவே நெஞ்சடைப்பு வந்து கம்பி வச்சிருக்கு. அவரு சாமி கும்புடுற மாதிரி கும்புடுற மனுஷனப் பத்தி நானே இதச் சொல்லி..." பிறகு, "எழுதலன்னா நான் எழுதுனது அவரோட வாழ்க்கையே இல்லக்கா" என்றாள்.

"எழுதாதையும் பிள்ளை. ஒரு பக்கம் குறைஞ்சா ஆருக்குத் தெரியப்போகுது?" என்றேன். எனக்கு அவளுடைய அப்பாவின் குரல்தான் காதில் நின்றது. "எனக்குத் தெரியும்லக்கா" என்றாள். அன்று அவள் மீன் தின்னவில்லை.

அந்தக் கார்த்திகைக்கு முன் அப்பாவே வந்தார். சாவதற்குள் அத்தியட்சரய்யாவின் கல்லறையைப் பார்க்க வேண்டும் என்று வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தவர். மெலிந்த உயரமான மனிதர், வெள்ளைச் சட்டையின் மேல் பொத்தான்வரை பூட்டியிருப்பார். எனக்குப் பெரிய பொட்டலமாகக் கருப்பட்டி கொண்டுவந்தார். எங்கள் ஊரில் இது பனங்கட்டி என்றேன். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, பேர் எதுவானாலும் மரம் ஒன்றுதானே அம்மா என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

ஒரு விஷயத்தில் மட்டும் பிடிக்கவில்லை. எங்கள் ஆட்கள், சிவனைக் கும்பிடும் சைவக்காரர் உட்பட, ஞாயிறு காலையில் வெறுங்காலோடு மலையேறி, இந்த ஊரைக் காக்கும் புனிதையான சாந்த ரோசலியாவிடம் போவோம். நான் ஒவ்வொரு முறையும் செத்துப்போன என் தம்பிக்காக அங்கே ஒரு மெழுகுதிரி கொளுத்துவேன். உங்களையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அவரைக் கேட்டேன். "நீங்க போயிட்டு வாங்கம்மா. போனவங்களுக்காக நாங்க ஜெபம் பண்றதில்ல. அவங்க காரியம் முடிஞ்சது. அது ஆண்டவருக்கும் அவங்களுக்கும் உள்ளது" என்றார். தன்மையாகத்தான் சொன்னார். ஆனாலும் தம்பிக்கு வைத்த திரியை ஊதி அணைத்தது போல இருந்தது எனக்கு.

அவள் ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன் என்றாள். ஒவ்வொரு நாளும் அவர் பிஷப் நடந்த தெரு, பிஷப் பிரசங்கம் பண்ணிய ஆங்கிலக் கோயில் என்று கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டுப் பிள்ளைபோல முகம் மலர்ந்து வருவார். அவள் வாயை மூடிக்கொண்டு மேலே போய்விடுவாள். குறை சொல்கிற சத்தமே வீட்டில் இல்லாமல் போனது. என் மனுசன்கூடக் கேலியை நிறுத்திவிட்டார்.

இந்த ஊரில் இறந்தவர்களின் திருநாள் பெரிய நாள். கடைகளில் பழம்போலச் செய்த இனிப்புகள் அடுக்கியிருக்கும், சனம் குடும்பத்தோடு மயானத்துக்குப் போகும். மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கும் அந்நியர் மயானத்தையும் அன்று திறப்பார்கள். அன்று காலை அவளும் நானும் பூ வாங்கப் போனோம். அப்பா என் மனுசனோடு முன்னாலேயே போய்விட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலிலேயே காவல்காரரின் சத்தம் கேட்டது. வயது போன பலேர்மோக்காரர், தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றார். நான் உள்ளே எட்டிப் பார்த்தேன்.

பிஷப்பின் பளிங்குக் கல்லறை முழுக்கச் சுண்ணாம்பு. தலைமாட்டுக் கல், விளிம்பு, சிலுவை எல்லாம் இலேசான நீலம் கலந்த வெள்ளை. பொறித்த எழுத்து ஒன்றும் தெரியவில்லை. அப்பா செருப்பைத் தூரத்தில் கழற்றி வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, கையில் பனமட்டையின் நுனியைத் தட்டிச் செய்த வெள்ளையடிக்கிற மட்டையோடு நின்றார். அதை ஊரிலிருந்தே பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். நீலமும் ஊரிலிருந்துதான். சுண்ணாம்பை மட்டும் என் மனுசன் இங்கே கடையில் வாங்கிக் கொடுத்தாராம். "வீட்டுச் சுவருக்கு எண்டெல்லோ நான் நினைச்சன்" என்று என்னைப் பார்த்து முழித்தார்.

"ஏன் இவரு இவ்வளவு சத்தம் போடுதாரு?" அப்பாவுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. "நம்ம ஊர்ல இந்த நாளுக்கு முன்னால எல்லாக் கல்லறைக்கும் அடிச்சிருவோம். பிள்ளையில்லாதவங்க கல்லறைக்கும் யாராவது அடிப்போம். இவரு கல்லறை மட்டும் பாசி பிடிச்சுக் கெடக்கு. எனக்கு மனசு கேக்கல."

என் மனுசன் வினாகிரி ஊற்றிக் கழுவலாம் என்றார். காவல்காரர் அலறினார். புளிப்பு பளிங்கைத் தின்றுவிடுமாம், தண்ணீர் மட்டும்தான், காய்வதற்குள் என்று வாளியைக் கொண்டுவந்து வைத்தார். அவள் அப்பாவை ஒரு வார்த்தை ஏசவில்லை. துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு, "வாங்கப்பா, கழுவிருவோம்" என்று குனிந்தாள். நால்வரும் துணியை நனைத்துத் துடைத்தோம். எழுத்துப் பள்ளங்களுக்குள் போனதை எடுக்க நான் என் கொண்டை ஊசியைக் கொடுத்தேன். அவள் பிஷப்பின் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சுரண்டி எடுத்தாள். அப்பா பக்கத்தில் நின்று, "என்ன எழுதிருக்கு, வாசிச்சுச் சொல்லு" என்றார்.

அவள் வாசித்தாள். பிறந்த ஊர், பிஷப்பாக இருந்த ஊர், அறிஞர், அகராதி செய்தவர். கடைசி வரி வெளியே வந்ததும் நின்றுவிட்டாள்.

"அப்புறம்?"

"தான் வாழ்ந்த சனத்தைத் தன் பிள்ளைகளைப் போல நேசித்தார்னு போட்டிருக்கு."

"போடணும்ல" என்றார் அப்பா.

அவள் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே முழங்காலில் இருந்தாள். "அது கல்லு சொல்றதுப்பா. அவரு எழுதுனது வேற" என்றாள். பிறகு அந்தப் பக்கத்தைச் சொன்னாள். எனக்குச் சமையலறையில் சொன்னதைவிட மெதுவாக, எதையும் குறைக்காமல், மாட்டையும் விடாமல் சொன்னாள். நிறுத்தச் சொல்லி அவள் தோளைத் தொட்டேன். அவள் நிறுத்தவில்லை.

அப்பா துணியை வாளிக்குள் போட்டார். "அது எந்த வருஷம்?" என்று கேட்டார். சொன்னாள். "அப்ப எங்க பாட்டி அவருகிட்டத்தான படிச்சா." "ஆமாப்பா." "அவளையும் சேத்தா சொல்லுதாரு?" அவள் ஊசியைக் கீழே வைத்தாள். "யாரையும் பிரிச்சுச் சொல்லலப்பா" என்றாள்.

அவர் பக்கத்துக் கல்லறைப் படியில் உட்கார்ந்தார். கை நெஞ்சுக்குப் போனது. நான் பயந்துபோய் ஓடினேன். அவர் சட்டைப்பையில் கைக்குட்டையைத் தேடினார், அவ்வளவுதான். கண்ணைத் துடைக்கவில்லை, கையில் இருந்த சுண்ணாம்பைத் துடைத்தார், விரல் விரலாக. மீதியை நாங்கள் மூவரும் கழுவினோம். அவர் எழுந்து வரவில்லை. போகும்போது தூரத்தில் கிடந்த செருப்பை எடுத்து வந்து, கல்லறைக்குப் பக்கத்திலேயே காலில் மாட்டிக்கொண்டு நடந்தார். மட்டையை எடுக்க மறந்துவிட்டார் என்று நான் எடுத்துக் கொடுக்க, "வேண்டாம்மா" என்றார்.

அன்று பகல் முழுக்க அவர் மகளோடு கதைக்கவில்லை. அவள் என் சமையலறையில் வந்து உட்கார்ந்து, "நான் அவரக் கொன்னுட்டேன்க்கா" என்றாள். யாரை என்று நான் கேட்கவில்லை. தேத்தண்ணி ஊற்றி வைத்தேன், அது ஆறிப்போனது.

பொழுது பட்டதும் அவர் எங்களையும் மேலே கூப்பிட்டார். நாங்கள் சைவக்காரர், வாசலோடு நின்றோம். அவரும் அவளும் முழங்காலில் நின்றார்கள். வழக்கம்போல ஒவ்வொருவராக வேண்டிக்கொண்டு வந்தார். என் மனுசனின் முழங்கால் வலியைக்கூட விடவில்லை. முடிக்கிற இடம் வந்தது. அத்தியட்சரய்யாவுக்கு ஸ்தோத்திரம் சொல்லுகிற இடம். அங்கே நின்றுவிட்டார்.

"ஆண்டவரே," என்றார், "அத்தியட்சரய்யாவ மன்னியும்."

அவள் கண்ணைத் திறந்துவிட்டாள். "அப்பா, செத்தவங்களுக்காக நாம ஜெபம் பண்ணமாட்டோம்லப்பா" என்றாள்.

"தெரியும்" என்றார். கண்ணை மூடியபடியே இருந்தார். "யாராவது கேக்கணும்ல. அவருக்கு இந்த ஊர்ல வேற யாரு இருக்கா?"

அந்த நேரம் என் தம்பியைத்தான் நினைத்தேன், மறைப்பதற்கு என்ன. அவர் கட்டிலைப் பிடித்து எழுந்து, "அந்தப் பக்கத்த எழுதிட்டியா?" என்று கேட்டார். எழுதி வைத்திருக்கிறேன், அனுப்பவில்லை என்றாள். "அனுப்பு" என்றார். பிறகு, "ஊருக்குப் போனதும் படத்த எறக்கணும். உங்கம்மா பக்கத்துல வேண்டாம்" என்றார். அவள் எழுந்து போய் மடிக்கணினியைத் திறந்தாள்.

அந்தப் புத்தகம் இப்போது என் சமையலறை அலுமாரித் தட்டில் இருக்கிறது. அந்தப் பக்கமும் அதில் இருக்கிறது, வாந்திபேதியில் தோள் கொடுத்த பக்கத்துக்கு அடுத்ததாக. படம் இறங்கியதா என்று நான் கேட்டதில்லை. அவள் ஊருக்குத் திரும்பி ஒரு கல்லூரியில் படிப்பிக்கிறாள். இறந்தவர்களின் திருநாளுக்கு என் மனுசனும் நானும் ஒரு வாளித் தண்ணீரோடு அந்த மயானத்துக்குப் போகிறோம். எழுத்துப் பள்ளங்களில் இன்னும் கொஞ்சம் வெள்ளை இருக்கிறது. காவல்காரர் எங்களை உறவுக்காரர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அப்பாவை விமான நிலையத்துக்கு அனுப்பிய காலையைத்தான் நான் அடிக்கடி நினைப்பேன். என் மனுசன் கார் ஓட்ட, நான் முன்னால், அவர்கள் இருவரும் பின்னால். மலையைத் தாண்டியதும் கடல் தெரிந்தது. அவர் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். திடீரென்று, "அந்த மனுஷனுக்குப் பல்வலின்னியே," என்றார். "எந்தப் பல்லு?"

கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"கடவாய்ப் பல்லுப்பா" என்றாள்.

"கிராம்பு வச்சுப் பாத்தாராமா?"

"சமையக்காரரு சொல்லியிருக்காரு. இவரு கேக்கல."

"கேக்கமாட்டாரு" என்றார் அப்பா. "மேல சொல்லு."